ஒரு கிலோ நெத்திலி

நொச்சிக்குப்பம் என்று ஒரு முறை எழுதிப் பாருங்கள். பள்ளிக்கூடக் கணக்கில் எட்டு எழுத்து: நொ, ச், சி, க், கு, ப், ப, ம். இதையே கைபேசியில் தட்டினால் உள்ளே போய் உட்காருவது எட்டு அல்ல, 15 குறிகள். யூனிகோடு முறையில் ‘நொ’ என்பது ந-வும் ஒகரக் குறியும். ‘ச்’ என்பது ச-வும் புள்ளியும். இணையத்தில் பெரும்பாலும் புழங்கும் யூடிஎஃப்-8 வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். ஆக மொத்தம் 45 பைட். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாக உடைத்தும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. உள்ளே 15 குறி 16 ஆகிவிடும், 45 பைட் 48 ஆகிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சேமிப்பில் ந முதலில் வருகிறது, கொம்பு அதற்குப் பிறகு வருகிறது. திரையிலோ கொம்பு ந-வுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஆகவே எழுத்தை வரையும் மென்பொருள் ஒவ்வொரு முறையும் குறிகளைப் பிரித்து, இடம் மாற்றி, எழுத்துருவில் பொருத்தமான உருவத்தைத் தேடி, பக்கத்து உருவத்தோடு மோதாமல் அடுக்கித் தருகிறது. ஒரு குப்பத்தின் பெயரைக் காட்டுவதற்கே இத்தனை வேலை. நாம் எதையும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

அந்த வேலையின் அளவை யார் தீர்மானிக்கிறார்? மென்பொருளை எழுதியவர் அல்ல. தட்டச்சு செய்கிறவர்தான். அவர் யாரோ, எவரோ. இந்த அத்தியாயத்தின் சங்கதி முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

சென்னையில் கலங்கரை விளக்கத்திலிருந்து நொச்சிக்குப்பம் வழியாகப் பட்டினப்பாக்கம் போகும் லூப் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்கியவர்களுக்கு இது உடனே புரியும். அங்கே மீன் விற்பது ஒரு வேலை, வாங்கிய மீனை ஆய்ந்து கொடுப்பது இன்னொரு வேலை. 2024 ஆகஸ்டில் நவீன மீன் அங்காடி திறந்த பிறகும் இந்த முறை மாறவில்லை. ஒரு கிலோ வஞ்சிரம் என்றால் அரிவாள்மனையில் நாலைந்து இழுப்பு, வேலை முடிந்தது. ஒரு கிலோ நெத்திலி என்றால் ஒவ்வொன்றாகத் தலை கிள்ளி, குடலெடுத்து, நூற்றுக்கணக்கில் செய்தாக வேண்டும். தராசு இரண்டுக்கும் ஒரே எடையைத்தான் காட்டும். “அக்கா, இதையும் ஆஞ்சு குடுத்துடுங்க” என்று ஒருவர் ஐந்து கிலோ நெத்திலிப் பையை நீட்டிவிட்டால், பின்னால் வஞ்சிரத்தோடு நிற்பவர்கள் வெயிலில் காய வேண்டியதுதான். அதனால்தான் ஆய்கிறவர்கள் எடையை மட்டும் பார்த்துக் கூலி சொல்வதில்லை. பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

இணைய மென்பொருள் நெடுங்காலம் பைக்குள் எட்டிப் பார்க்காமலே இருந்தது.

சேவை மறுப்புத் தாக்குதல் என்றதும் பலருக்கும் நினைவு வருவது கூட்டம். உலகெங்கும் லட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றி ஒரே சர்வரின் மேல் ஏவிவிடுவது. அப்படியும் நடக்கிறது. ஆனால் அதற்கு ஆள்பலமும் பணபலமும் வேண்டும். நான் இங்கே சொல்ல வந்தது வேறு வகை. ஒரே ஒருவர், ஒரே ஒரு செய்தி, சில பைட்டுகள். வாங்கிக்கொண்ட மென்பொருள் அதைக் காட்ட முயன்றே களைத்துப் போகிறது, அல்லது தடுக்கி விழுகிறது. இதில் எதுவும் திருடு போவதில்லை, கடவுச்சொல் கசிவதில்லை. சேவை இல்லாமல் போகிறது, அவ்வளவுதான். பாதுகாப்பு நிபுணர்களே சில காலம் இதை இரண்டாந்தரக் குறையாகப் பார்த்தார்கள். புயல் எச்சரிக்கைப் பக்கம் அரை மணி நேரம் திறக்காவிட்டால் கடலோரத்தில் என்ன ஆகும் என்று யோசித்தால் அப்படிப் பார்க்கத் தோன்றாது.

நமக்கு மிக நெருக்கமாக நடந்த உதாரணம் தெலுங்கிலிருந்து வந்தது. 2018 பிப்ரவரி நடுவில் ஒரு செய்தி பரவியது: ஒரே ஒரு தெலுங்கு எழுத்தை அனுப்பினால் ஐபோன் செயலிழக்கிறது. வாட்ஸாப், ஃபேஸ்புக் மெசஞ்சர், ஜிமெயில் என்று எந்தச் செயலியில் அந்த எழுத்து வந்தாலும் அந்தச் செயலி மூடிக்கொண்டது. மறுபடி திறந்தால் மறுபடியும் அதே செய்தியைக் காட்ட முயன்று மறுபடியும் மூடிக்கொண்டது. மேலே அறிவிப்பாக வந்துவிட்டால் முகப்புத் திரையே சரிந்தது. வேறொருவரைப் புதிதாக ஒரு செய்தி அனுப்பச் சொல்லி, அது மேலே வந்த பிறகு பழைய உரையாடலை அழிப்பதுதான் அன்றைக்கு இருந்த கைவைத்தியம்.

ஒரே எழுத்து என்று செய்திகள் சொன்னாலும் உள்ளே இருந்தவை ஐந்து குறிகள். ஜ, அதற்கடுத்து விராமம் (நம் புள்ளிக்கு நிகரானது), பிறகு ஞ, பிறகு கண்ணுக்கே தெரியாத ஒரு குறி, கடைசியாக ஆகாரக் கால். ‘ஞானம்’ என்பதைத் தெலுங்கில் எழுதும்போது வருகிற அதே கூட்டெழுத்துதான். நான்காவதாக நின்ற கண்ணுக்குத் தெரியாத குறிதான் வம்பு. பக்கத்து எழுத்துகள் ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பதற்கென்று யூனிகோடில் இருக்கும், அகலமே இல்லாத இணைப்புத் தடை அது. தமிழில் ‘க்’கும் ‘ஷ’வும் சேர்ந்து ஒரே உருவமாகிவிடாமல் பிரித்துக் காட்டவும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கெட்ட குறி ஒன்றும் அல்ல. பாரசீக மொழிக்கு அது அன்றாடத் தேவை.

அப்போது மோசில்லாவில் பணியாற்றிய மணீஷ் கோரேகாவ்கர் என்ற நிரலர் இதைப் பிரித்து ஆராய்ந்து எழுதினார். சிக்கல் அந்த ஒரு தெலுங்கு எழுத்தில் இல்லை, ஓர் அமைப்பில் இருக்கிறது என்பது அவர் கண்டது. மெய், விராமம், ஒருவகை ஒட்டு மெய், இணைப்புத் தடை, உயிர்க்குறி என்ற வரிசை வந்தால் தெலுங்கு மட்டுமல்ல, வங்காளமும் தேவநாகரியும்கூட ஐபோனைக் கவிழ்த்தன. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. நம் எழுத்தில் மெய்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்குவதில்லை, புள்ளி வைத்து வரிசையாக நிற்கின்றன. இதைத் தமிழின் சிறப்பு என்று யாரும் மேடையில் பேச வேண்டாம், எழுத்துமுறையின் அமைப்பு தந்த தற்செயல் இது.

ஆப்பிள் நிறுவனம் 2018 பிப்ரவரி 19 அன்று ஐஓஎஸ் 11.2.6 வெளியிட்டுச் சரிசெய்தது. எழுத்தை வரையும் கோர்டெக்ஸ்ட் என்ற பகுதியில் நினைவகம் சிதைந்ததே காரணம் என்று அறிவித்தது. ஐபோன், மேக், கைக்கடிகாரம், டிவி என்று எல்லாவற்றுக்கும் திருத்தம் வந்தது, எல்லாவற்றிலும் அதே பகுதிதான் எழுத்தை வரைகிறது. இது முதல் முறையும் அல்ல, கடைசியும் அல்ல. 2015 மே மாதம் அரபி, தேவநாகரி, சீனக் குறிகள் கலந்த ஒரு வாக்கியம் ஐபோன்களைக் கவிழ்த்தது. அறிவிப்புப் பட்டையில் இடம் போதாமல் வாக்கியத்தை நடுவே வெட்டும்போது கணக்கு தவறியது. 2020 ஏப்ரலில் சிந்தி எழுத்துகளோடு இத்தாலியக் கொடியைச் சேர்த்த செய்தி ஒன்று அதையே செய்தது.

அரபி, தெலுங்கு, சிந்தி. ஆங்கில எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக நடந்து போகும், அதைச் சோதித்துப் பார்க்க உலகமெங்கும் ஆள் இருக்கிறது. நம் எழுத்துகள் மேலும் கீழும் முன்னும் பின்னும் நகர்கின்றன, அவற்றைச் சோதிப்பவர்கள் குறைவு. பிழைகள் அங்கே பதுங்கியிருப்பதில் வியப்பில்லை. எழுத்து சிக்கலானது என்று பழியை மொழியின் மேல் போடுவது சோம்பேறித்தனம்.

இதுவரை சொன்னது தடுக்கி விழுந்த கதை. நெத்திலிக் கதை வேறு. அங்கே மென்பொருள் விழுவதில்லை, சொன்ன வேலையைச் சிரத்தையாகச் செய்துகொண்டே இருக்கிறது.

2016 ஜூலை 20. இந்திய நேரம் இரவு 8.14. உலக நிரலர்கள் தினமும் சந்தேகம் கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் நின்றுபோனது. 34 நிமிடம் வரவில்லை. தாக்குதல் என்று எதுவும் இல்லை. யாரோ ஒருவர் தன் நிரலை ஒட்டிக் கேள்வி கேட்டிருந்தார். அதில் ஒரு வரியின் நடுவே ஏறத்தாழ 20,000 வெற்றிடங்கள் இருந்தன. எப்படியோ வந்து சேர்ந்தவை, அவருக்கே தெரிந்திருக்காது.

அந்தத் தளம், எழுதப்பட்டதைக் காட்டுவதற்கு முன் வரியின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நறுக்கிவிடும். நல்ல வழக்கம்தான். அதற்கு ரெஜெக்ஸ் எனப்படும் தேடல் வடிவம் ஒன்றை வைத்திருந்தார்கள். ‘வெற்றிடங்கள் தொடர்ந்து வந்து, உடனே வரி முடிந்தால் வெட்டு’ என்பது அதன் பொருள். தேடும் பொறி முதல் வெற்றிடத்தில் தொடங்கி 20,000 வெற்றிடங்களைக் கடந்து போனது. வரி முடியவில்லை, அங்கே வேறொரு எழுத்து நின்றது. சரி என்று இரண்டாவது வெற்றிடத்திலிருந்து மறுபடி தொடங்கி 19,999-ஐக் கடந்தது. அதே எழுத்து. பிறகு மூன்றாவதிலிருந்து 19,998. இப்படியே கடைசி வரை. எல்லாவற்றையும் கூட்டினால் ஏறத்தாழ 20 கோடி ஒப்பீடு. முதல் முறையே ‘இந்த வெற்றிடக் கூட்டம் வரி முடிவில் இல்லை’ என்று மனிதனுக்குத் தெரிந்துவிடும். பொறிக்கு நினைவு வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை.

அந்தக் கேள்வி முகப்புப் பக்கத்தில் இருந்தது. அதனால் ஒவ்வொருவர் முகப்பைத் திறக்கும்போதும் இந்த 20 கோடி வேலை நடந்தது. இன்னொரு வேடிக்கை, சர்வர்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் கருவி, முகப்புப் பக்கத்தைக் கேட்டுத்தான் சோதித்தது. பதில் தாமதமாகவே, சர்வர் செத்துவிட்டது என்று முடிவு கட்டி ஒவ்வொன்றாக வரிசையிலிருந்து நீக்கியது. காரணத்தைக் கண்டுபிடிக்க 10 நிமிடம், திருத்தி எழுத 14 நிமிடம், திருத்தத்தை எல்லாச் சர்வருக்கும் அனுப்ப 10 நிமிடம். திருத்தம் என்ன தெரியுமா? ரெஜெக்ஸைத் தூக்கிவிட்டு, அதன் இடத்தில் துண்டு வெட்டும் சாதாரண நிரல்.

அந்த ரெஜெக்ஸ் வெற்றிடம் என்று கணக்கில் எடுத்துக்கொண்ட குறிகளில் நம் இணைப்புத் தடையும் ஒன்று. தெலுங்கு எழுத்துக்குள் நின்று ஐபோனைக் கவிழ்த்த அதே குறி. அங்கே அது குற்றவாளியல்ல, வெறும் பார்வையாளர். ஆனாலும் இந்தத் துறையில் அதன் பெயர் அடிபடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

20,000 என்பது 20 கோடியானது வர்க்க வளர்ச்சி. உள்ளீடு இரட்டித்தால் வேலை நான்கு மடங்கு. இதைவிட மோசமானது உண்டு. ‘அ ஒன்றோ பலவோ சேர்ந்தது ஒரு கூட்டம், அப்படிப்பட்ட கூட்டம் ஒன்றோ பலவோ வரலாம், கடைசியில் ம் வர வேண்டும்’ என்று ஒரு தேடல் வடிவம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். யாரோ முப்பது அ-க்களை வரிசையாக அனுப்புகிறார், ம் இல்லை. முப்பதையும் வரிசை மாறாமல் கூட்டங்களாகப் பிரிக்க 53 கோடிக்கும் மேற்பட்ட வழிகள் உண்டு. பின்வாங்கித் தேடும் பொறி இத்தனையையும் முயன்று பார்த்துவிட்டுத்தான் ‘இல்லை’ என்று சொல்லும். 31-வது அ-வைச் சேர்த்தால் வேலை இரட்டிப்பு. அறுபது எழுத்து அனுப்பினால் பதிலுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அறுபது எழுத்து என்பது ஒரு முகவரிகூட அல்ல.

வருத்தம் என்னவென்றால், இதற்கு மருந்து எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1968-லேயே ஒரு கட்டுரை எழுதினார். எல்லா வழிகளையும் ஒவ்வொன்றாக முயல வேண்டாம், சாத்தியமான நிலைகள் அனைத்தையும் ஒரே சமயத்தில் கையில் வைத்துக்கொண்டு உள்ளீட்டை ஒரே ஒரு முறை படித்தால் போதும் என்று அதில் காட்டினார். உள்ளீடு இரட்டித்தால் வேலையும் இரட்டிக்கும், அதற்கு மேல் போகாது. ஆனால் பெர்ல் முதலான மொழிகள் பின்வாங்கித் தேடும் பொறியையே எடுத்துக்கொண்டன. அதில் கூடுதல் வசதிகள் இருந்தன, நிரலர்களுக்கு வசதிகள் பிடிக்கும். கூகுளின் ரஸ் காக்ஸ் 2010-ல் தாம்சன் வழியில் ஆர்ஈ2 என்ற பொறியைப் பொதுவெளியில் வைத்தார். கோ மொழியும் ரஸ்ட் மொழியின் ரெஜெக்ஸ் நூலகமும் அந்த வழியில் நடக்கின்றன.

மருந்து இருந்தும் குடிக்காதவர்களுக்குப் பாடம் 2019 ஜூலை 2 அன்று கிடைத்தது. உலக இணையத்தில் ஏராளமான தளங்களுக்கு முன்வாசலில் காவல் நிற்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம், தாக்குதல்களைத் தடுக்கும் புதிய விதி ஒன்றைத் தன் சர்வர்களுக்கெல்லாம் அனுப்பியது. அந்த விதிக்குள் பின்வாங்கித் தேடும் மோசமான ரெஜெக்ஸ் ஒன்று இருந்தது. உலகெங்கும் அதன் சர்வர்களில் சிபியு 100 சதவீதத்தைத் தொட்டது. 27 நிமிடம் எண்ணற்ற தளங்கள் திறக்கவில்லை. தாக்குதலைத் தடுக்க எழுதிய வரியே தாக்குதலாகிவிட்டது. அந்நிறுவனம் பிறகு, கணக்கு தப்பாத பொறிகளுக்கு மாறுவதாக அறிவித்தது.

ரெஜெக்ஸ் மட்டும்தான் நெத்திலி என்று நினைக்க வேண்டாம். 2003-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் கிராஸ்பி, டான் வாலக் இருவரும் இதைப் பொதுவான ஒரு கொள்கையாகவே எழுதினார்கள். தகவலைப் பெயர்வாரியாக அறைகளில் போட்டுவைக்கும் ஹேஷ் அட்டவணை சராசரியில் மிக வேகமானது. எல்லாப் பெயரும் ஒரே அறைக்குப் போகும்படி யாராவது பொறுக்கி அனுப்பினால் அது வெறும் வரிசையாகிவிடும், ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். ப்ரோ என்ற வலைக்காவல் மென்பொருளை, அந்தக் காலத்து டயல்-அப் மோடம் அனுப்பக்கூடியதைவிடக் குறைந்த தரவைக் கொண்டே அவர்கள் திணற வைத்தார்கள். பெர்ல் உடனே திருத்திக்கொண்டது. மற்றவை கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் அதே உத்தியால் பிஎச்பி, ஜாவா, பைதான், ஏஎஸ்பி டாட் நெட் எல்லாம் திணறுவதை மேடையில் காட்டிய பிறகுதான் ஓட்டம் பிடித்தார்கள். மைக்ரோசாஃப்ட் ஆண்டு முடிவதற்குள் அவசரத் திருத்தம் வெளியிட்டது. எட்டு ஆண்டுகள் அலமாரியில் கிடந்த எச்சரிக்கை.

தகவலைக் குறிச்சொற்களோடு எழுதிவைக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் ‘இது அதைப் போலப் பத்து, அது இன்னொன்றைப் போலப் பத்து’ என்று சில வரிகள் எழுதினால், ஒரு கிலோபைட்கூட இல்லாத கோப்பு விரியும்போது நூறு கோடிச் சொற்களாகி நினைவகத்தை விழுங்கிவிடும். நட்சத்திரக்குறி, அடைப்புக்குறிகளால் அலங்காரம் செய்ய உதவும் மார்க்டவுன் எழுத்துமுறையில் திறந்த அடைப்புக்குறிகளை மட்டும் ஆயிரக்கணக்கில் அடுக்கி அனுப்பினால், மூடும் குறி எங்கே என்று தேடித் தேடியே சில மென்பொருள்கள் ஓய்ந்துபோகும். கிட்ஹப் பயன்படுத்தும் மார்க்டவுன் நிரலிலேயே 2022-ல் இப்படிப்பட்ட குறை கண்டுபிடித்துத் திருத்தப்பட்டது.

தற்காப்பு என்று வந்தால் எல்லோரும் முதலில் செய்வது நீளத்துக்கு வரம்பு கட்டுவது. வேண்டியதுதான். ஆனால் அது தராசை மட்டும் நம்புவது. 2018-ல் ஐபோனைக் கவிழ்த்தவை ஐந்தே குறிகள், எந்த நீள வரம்பும் அவற்றைத் தடுத்திருக்காது. இன்னொரு பக்கம், வரம்பை பைட்டில் கட்டிவிட்டு எழுத்தில் கட்டியதாக நினைத்துக்கொள்ளும் நிரலர்களால் தமிழர்களுக்குத் தினமும் தொல்லை. ஆங்கிலப் பெயர் தாராளமாக நுழையும் பெட்டியில் தமிழ்ப் பெயர் மூன்றில் ஒரு பங்கில் முட்டி நிற்கும், அல்லது குறியின் நடுவே வெட்டுப்பட்டு வினாக்குறியும் கட்டமுமாகக் காட்சி தரும். அப்படி அரைகுறையாக வெட்டுப்பட்ட எழுத்தே அடுத்த கட்ட மென்பொருளைத் தடுக்கி விழவைக்கலாம். 2015 ஐபோன் கதையும் வெட்டும்போது நேர்ந்த பிழைதான்.

வரம்பு கட்ட வேண்டியது வேலைக்கு. ஒரு செய்தியைக் காட்ட இத்தனை மில்லி வினாடி, இத்தனை மெகாபைட், இத்தனை அடுக்கு ஆழம், அதற்கு மேல் போனால் கைவிடு, அடுத்தவரைக் கவனி. கைவிடப்பட்ட செய்தி வெறும் எழுத்தாக, அலங்காரமின்றித் தெரிந்தால் போதும், யாரும் அழப்போவதில்லை. வெளியாளின் உள்ளீட்டைக் கையாளும் பகுதியைத் தனி அறையில் பூட்டிவைக்க வேண்டும், அது விழுந்தால் அது மட்டும் விழட்டும். ரெஜெக்ஸ் என்றால் தாம்சன் வழிப் பொறி. ஒரு முறை செய்து பார்த்த வேலையின் முடிவைச் சேமித்து வைப்பதும் நல்லது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒவ்வொரு வருகைக்கும் அதே 20 கோடி ஒப்பீட்டை மீண்டும் மீண்டும் செய்தது வீண் உழைப்பு.

தமிழில் செயலியோ தளமோ கட்டுகிற இளைஞர்களுக்குக் குறிப்பாக ஒன்று. உங்கள் சோதனைப் பட்டியலில் ஆங்கிலத்தில் ‘டெஸ்ட்’ என்று மட்டும் இருந்தால் அது சோதனையே அல்ல. உடைத்த ஒகரம், தனியாக நிற்கும் புள்ளி, மெய்யே இல்லாமல் வரும் கால், ஒரே எழுத்தின் மேல் நூறு புள்ளி, இணைப்புத் தடை மட்டும் ஆயிரம் என்று எல்லாவற்றையும் உங்கள் சொந்தக் கணினியில் நீங்களே அனுப்பிப் பாருங்கள். எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். உள்ளீட்டை இரட்டிக்கும்போது நேரம் நான்கு மடங்கானால் அங்கே தோண்டுங்கள்.

அடுத்தவர் கட்டிய தளத்தில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். வேடிக்கைக்காக அனுப்பினாலும் வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 43-வது பிரிவு, உரிமையுள்ளவர் கணினியை அணுக முடியாமல் செய்வதைத் தனியாகவே குறிப்பிடுகிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. குறை கண்ணில் பட்டால் முதலில் அதை உருவாக்கியவர்களுக்கு எழுதுங்கள். அவர்கள் பதில் தராவிட்டால் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்கு எழுதுங்கள், இத்தகைய புகார்களைப் பெறுவது அதன் வேலை.